குதிரைக்கு அடியில் நிற்பவன்

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் மூன்று விஷயம் வரும். யாளி வாய்க்குள் உருளும் கல் உருண்டை. கல்லிலேயே செதுக்கிய சங்கிலி. ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான் என்கிற அந்த ஏற்பாடு. உள்ளே போனதும் யாராவது ஒருத்தர் உருண்டையை விரலால் உருட்டிக் காட்டுவார். நாமும் நம்ம பங்குக்கு உருட்டிப் பார்த்துட்டு, "அந்தக் காலத்துல எப்படித்தான் செஞ்சாங்களோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வருவோம்.

இந்தக் குறிப்பு நாலாவது விஷயத்தைப் பற்றியது. முன்மண்டபத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிப் பாய்ந்து நிற்கும் குதிரைகள். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் குதிரைகளுக்கு அடியில் நிற்கும் சின்ன மனிதர்கள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் தூண்களில் அடியில் நிற்கும் காலாட்கள் வெறும் அலங்காரம் இல்லை. கல் குதிரைக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு போகச் சிற்பிகள் கண்டுபிடித்த வழிதான் அந்தக் காலாள். அதாவது முட்டு. (சோஷியல் மீடியாவில் முட்டுக் கொடுப்பதற்கு இப்போது வேறு அர்த்தம். நான் சொல்வது கொத்தனார் சொல்லும் முட்டு.) ஆனால் அந்த முட்டினால்தான் சிற்பமே சிற்பமாச்சு. உருண்டையும் சங்கிலியும் கைத்திறமை. குதிரைக்கு அடியில் இருப்பது யோசனை. கைத்திறமையைப் புகழ்ந்து புகழ்ந்து யோசனையைப் பார்க்காமலே விட்டுவிட்டோம் என்பதுதான் என் குறை.

கொஞ்சம் பின்னணி

ஓமலூரிலிருந்து தாரமங்கலம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கோயில் மேற்குப் பார்த்தது. இப்போது நாம் பார்க்கும் வேலைப்பாட்டில் பெரும்பகுதி கெட்டி முதலிகள் காலத்தது, அதாவது 16, 17-ஆம் நூற்றாண்டுகள். மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்டு இந்தப் பக்கத்தை ஆண்ட பாளையக்காரர்கள் அவர்கள். ஓமலூர்க் கோட்டையும் அவர்கள் கையில் இருந்ததுதான். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர்க்காரர்களிடம் போனது.

பழைய ஸ்தபதிகள் வேலை ஒப்பந்தம் போடும்போது சில வேலைகளை மட்டும் விதிவிலக்காக எழுதிக்கொள்வார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழி பலகணி, தாரமங்கலம் தூண் என்று அந்தப் பட்டியல் போகும். "இது மாதிரி மட்டும் கேட்காதீங்க, மத்ததெல்லாம் செஞ்சு தர்றோம்" என்று அர்த்தம். எங்க பக்கத்துக் கோயில் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கும் பெருமைதான். ஆனால் இந்த வகைப் புகழ்ச்சியில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'இனி யாராலும் முடியாது' என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அது எப்படி முடிந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதிசயம் என்று ஒதுக்கிவைப்பதும் மறந்துபோவதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

குதிரையில் என்ன சிக்கல்?

எங்க பக்கம் வேலிக்குக் கல்கால் நடுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஆள் உயரக் கல். நட்டு வைத்தால் தலைமுறைக்கு நிற்கும். அதே கல்லை இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் படுக்கப்போட்டு நடுவில் பாரத்தை ஏற்றிப் பாருங்கள், பட்டென்று இரண்டாகும். உடைசல் எப்போதும் அடிப்பக்கத்தில் ஆரம்பிக்கும். ஏனென்றால் வளையும்போது மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவையில் தாங்குவது கஷ்டம். நம் கோயில் மண்டபங்களில் தூணுக்குத் தூண் இடைவெளி சில அடிகளே இருப்பதற்கு இதுதான் காரணம். மேலே கிடக்கும் உத்தரமும் கல்தானே. பக்தியால் நெருக்கமாக வைக்கவில்லை, கணக்கால் வைத்தார்கள்.

இப்போது குதிரையைப் பாருங்கள். உடம்பு கனம், கால் ஒல்லி. யானைக்கு இந்தப் பிரச்சினை இல்லை, காலே தூண் மாதிரி. நந்தி காலை மடக்கிப் படுத்துவிடுகிறது, முடிந்தது கதை. சிங்கத்தை உட்கார வைக்கலாம். குதிரையைப் படுக்கவைத்தால் அது நோயாளிக் குதிரை. நிற்க வேண்டும். அதுவும் போர்க்குதிரை என்றால் பாய வேண்டும். பாய்ந்தால் முன்னங்கால் இரண்டும் காற்றில் தொங்கும். காற்றில் தொங்கும் கல்காலின் மேல்பக்கம் இழுபடும். அதாவது கல்லுக்கு எது ஆகாதோ அதையே கேட்கிற விலங்கு குதிரை.

யாளி இங்கே ஒரு நல்ல ஒப்பீடு. தாரமங்கலத்தில் குதிரைத் தூணும் உண்டு, யாளித் தூணும் உண்டு. யாளியை யாரும் பார்த்ததில்லை. அதன் கால் எவ்வளவு தடிமன் என்று யார் அளவு கேட்கப்போகிறார்கள்? தேவைப்பட்ட இடத்தில் தடிக்க வைத்துக்கொள்ளலாம், துதிக்கையைக் கீழே இறக்கி எதிலாவது சேர்த்துவிடலாம். யாளி சிற்பிக்கு ஒத்துப்போகும் விலங்கு. குதிரை அப்படி இல்லை. அரசனும் படைத்தலைவனும் தினமும் ஏறிப் போகிற விலங்கு. கால் தடித்தால் கழுதை என்று சொல்லிவிடுவார்கள்.

சுற்றுவழி

இந்தச் சிக்கலுக்கு விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பிகள் கண்ட வழியில் இரண்டு பாகம்.

முதல் பாகம்: குதிரையைத் தனியாக நிறுத்தாதே, தூணோடு சேர். தூணும் குதிரையும் ஒரே கல். கூரையின் பாரம் பின்னால் இருக்கும் தூண்தண்டு வழியாக இறங்கிவிடும். குதிரை தன் பாரத்தை மட்டும் சுமந்தால் போதும், அதிலும் பாதியைப் பின்னால் ஒட்டியிருக்கும் தண்டு வாங்கிக்கொள்ளும்.

இரண்டாம் பாகம்: தொங்கும் முன்னங்காலுக்கு அடியில் எதையாவது வை. அந்த 'எதையாவது' என்ற இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஒரு கல்கட்டையை விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கட்டையைப் பார்த்து, 'இந்த இடத்தில், இந்த உயரத்தில், குதிரைக்கு அடியில் இயல்பாக யார் இருப்பார்?' என்று கேட்டிருக்கிறார்கள். வந்த பதில்: கேடயம் பிடித்த காலாள். ஈட்டிக்காரன். எதிர்த்துப் பாயும் புலி. புலியைக் குத்தும் வேட்டைக்காரன்.

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திலும் இதே குடும்பத்துக் குதிரைகள் உண்டு. எல்லாம் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டு. தாரமங்கலம் இந்த வரிசையில் கொஞ்சம் பின்னால் வந்த உறவு.

இதனால் கிடைத்த லாபங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதுவுமே முதலில் கேட்டு வாங்கியது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒன்று, கதை. தனியாக முன்னங்காலைத் தூக்கிய குதிரை ஒரு போஸ். அடியில் ஒருத்தன் வந்தவுடன் அது ஒரு சம்பவம். அவன் தப்பிப்பானா? புலி செத்ததா? மேலே இருப்பவன் பார்த்தானா, பார்க்கவில்லையா? முட்டு வந்த இடத்தில் கேள்வி வந்துவிட்டது.

இரண்டு, அளவு. குதிரை எவ்வளவு பெரிது என்று கண்ணுக்குத் தெரிய, பக்கத்தில் அளவு தெரிந்த ஒன்று வேண்டும். காலாளைச் சின்னதாகச் செதுக்கியதும் குதிரை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஒரு கைப்பிடிக் கல்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை.

மூன்று, நம் கண் போகும் பாதை. தனிக்குதிரை என்றால் முகத்தைப் பார்ப்போம், நகர்ந்துவிடுவோம். இங்கே கண் காலாளில் ஆரம்பித்து, கேடயம், குளம்பு, கழுத்து, வீரன், அதற்கு மேல் போதிகை, கூரை என்று ஏறுகிறது. கூரையின் பாரம் எந்த வழியில் இறங்குகிறதோ, ஏறக்குறைய அதே வழியில் நம் பார்வை ஏறுகிறது. கட்டடமும் கதையும் ஒரே கோட்டில் அமைவது எப்போதாவதுதான் நடக்கும்.

நான்கு, ஆயுள். எந்தப் பழைய சிற்பத்திலும் முதலில் போவது மூக்கு, விரல், வாள்முனை. தனியாக நீட்டிக்கொண்டிருப்பவை. எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் உறுப்பு நின்றுவிடும். படையெடுப்பையும் கிரிக்கெட் பந்தையும் தாண்டி நானூறு ஐந்நூறு வருடம் அந்த ஒல்லிக் கால்கள் நிற்கின்றன என்றால், காரணம் அடியில் நிற்கும் அந்தப் பெயர் இல்லாத ஆள்.

இது வெறும் ஊகமா?

நியாயமான சந்தேகம் ஒன்று இருக்கிறது. 'காலாள் கதைக்காகவே வந்திருக்கலாமே, நீங்க இன்ஜினியர்ங்கறதால எல்லாத்தையும் பாரம், முட்டுன்னு பார்க்கறீங்க' என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தொழிலில் இப்படிச் சந்தேகம் வந்தால் ஒரு வழி உண்டு. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்போம். நல்லவேளையாகத் தமிழ்நாட்டில் அந்தச் சோதனையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். அதே குதிரை, அதே மக்கள். மாறியது செய்பொருள் மட்டும்.

மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேரில் முன்பக்கம் பூட்டியிருக்கும் குதிரைகளைப் பாருங்கள். பாய்கின்றன. முன்னங்கால் இரண்டும் காற்றில் நீட்டியிருக்கிறது. அடியில் காலாள் இல்லை, புலி இல்லை, ஒன்றுமில்லை. மரம் இழுவையைத் தாங்கும், நாரோட்டம் காலின் நீளத்தில் போகும்படி பார்த்துச் செதுக்கினால் போதும். முட்டு தேவைப்படவில்லை, அதனால் ஆளும் வரவில்லை. தேர்க்குதிரை அழகுதான். ஆனால் அதன் அடியில் கதை கிடையாது. நாம் அதைத் தேரின் ஒரு பாகமாகப் பார்க்கிறோம், தனியாக நின்று பார்ப்பதில்லை.

அடுத்தது மண். அய்யனார் கோயில் குதிரைகள், எங்க பக்கத்து முனியப்பன் கோயில் குதிரைகள். சுட்ட மண் கல்லைவிட மோசம், ஒல்லிக் காலே நினைக்க முடியாது. குயவர்கள் போன வழி வேறு. காலை உருளை உருளையாகத் தடிக்க வைத்தார்கள். உள்ளே கூடு. மண்ணில் மணலும் உமியும் கலந்து, சூட்டில் வெடிக்காமல் இருக்க ஓட்டை விட்டு, நாலு காலையும் தரையில் ஊன்றி நிறுத்தினார்கள். பாய்ச்சலை அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

விட்டுக்கொடுத்ததில் என்ன கிடைத்தது? அந்த நிற்பு. ஊர் எல்லையில், கண்ணை விரித்துக்கொண்டு, அசையாமல், நாலு காலையும் ஊன்றி நிற்கும் குதிரை. ராத்திரி அய்யனார் ஏறி ஊரைச் சுற்றி வருவார் என்றால், பகலெல்லாம் அது தயாராக நிற்க வேண்டும். பாய்ந்துகொண்டிருக்கும் குதிரையில் யாரும் ஏற முடியாது. காவல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான உருவம் எனக்குத் தெரிந்து கிடையாது. அது தடிமனான காலிலிருந்து வந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. மண் குதிரை உடையும். மழை, வெயில், ஆடு மாடு, பையன்கள். உடைந்தால் புதுசு வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் புரவி எடுப்பு என்று ஒரு திருவிழாவே இருக்கிறது. குயவர் வீட்டில் செய்த குதிரைகளை ஊரே சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் அய்யனார் கோயிலில் வைப்பார்கள். பல ஊர்களில் அந்தக் குயவர் சமூகத்தாரே அய்யனாருக்குப் பூசாரிகளும். உடையாத குதிரை செய்யத் தெரிந்திருந்தால் திருவிழா ஒரே ஒரு வருடத்தோடு முடிந்திருக்கும்.

ஆக, ஒரே குதிரை. கல்லில் அடியில் ஆள் வந்தான், மரத்தில் வரவில்லை, மண்ணில் குதிரையே பாயவில்லை. இதற்கப்புறமும் செய்பொருளுக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வது கஷ்டம். கல்லில் உருவான அமைப்பைப் பிறகு ஓவியத்திலும் மரப்பலகையிலும் தேவையே இல்லாமல் யாராவது பின்பற்றியிருந்தாலும் வாதம் கெடாது. காரணம் போன பிறகும் வழக்கம் நிற்கும், நம் வீட்டுச் சடங்குகளைப் பார்த்தாலே தெரியுமே.

வெளியூர்க் குதிரைகள்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. இத்தாலியில் பதுவா நகரத்தில் தொனத்தெல்லோ 1453-இல் முடித்த கத்தாமெலாத்தா சிலையில், குதிரை தூக்கிய ஒரு முன்னங்குளம்பு ஓர் உருண்டையின் மேல் நிற்கிறது. வெண்கலம்தான், ஆனாலும் பயம். மிலான் பிரபுவுக்காக லியோனார்தோ டா வின்சி ஒரு மாபெரும் குதிரைச் சிலைக்குத் திட்டம் போட்டபோது, முதலில் பாயும் குதிரையாகத்தான் வரைந்தார். முன்னங்காலுக்கு அடியில் விழுந்து கிடக்கும் எதிரி ஒருவன். ஸ்ரீரங்கம் சிற்பி பார்த்திருந்தால் "நம்ம ஆளு" என்று சொல்லியிருப்பார். பிறகு லியோனார்தோ அதைக் கைவிட்டு நடக்கும் குதிரைக்கு மாறினார். வைத்திருந்த வெண்கலம் 1494-இல் பீரங்கிக்குப் போனது. களிமண் மாதிரியை 1499-இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்வீரர்கள் குறிபார்த்துப் பழகிச் சிதைத்தார்கள்.

முதலில் ஜெயித்தவர் பியேத்ரோ தாக்கா. மத்ரித் நகரில் 1640-இல் முடிந்த நாலாம் ஃபிலிப் சிலை பின்னங்கால்களிலும் வாலிலும் மட்டுமே நிற்கிறது. பின்பாதியைக் கனமாகவும் முன்பாதியைக் கூடாகவும் வார்த்துச் சமாளித்தார். யோசனை கலிலியோவுடையது என்று சொல்வார்கள். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபால்கோனே செய்து 1782-இல் திறக்கப்பட்ட மகா பீட்டர் சிலையில், குதிரை ஒரு பாம்பை மிதிக்கிறது. பாம்பு துரோகத்தின் சின்னம் என்பார்கள். அந்தப் பாம்பு குதிரையின் வாலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சின்னமும் அதுதான், மூன்றாவது காலும் அதுதான்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. முட்டை மனசுக்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள். சிலை விழுமா? கதை விழுமா? கத்தாமெலாத்தாவின் உருண்டையை எடுத்தால் குளம்புக்கு ஆதரவு போகும், கதைக்கு ஒன்றும் ஆகாது. பீட்டரின் பாம்பை எடுத்தால் கொஞ்சம் கதை போகும். ஸ்ரீரங்கத்துக் காலாளை எடுத்தால் இரண்டுமே மொத்தமாகப் போகும். எது பெரிய வேலை என்று இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? அதே சோதனையை யாளி வாய் உருண்டைக்கும் வைத்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் தூணும் விழாது, கதையும் விழாது. பல்லிடுக்கில் உளியை விட்டுச் செதுக்கிய அந்தப் பொறுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது எதையும் சுமக்கவில்லை.

முட்டே இல்லாத குதிரைக்கு உதாரணம் வேண்டுமென்றால் சென்னைத் தீவுத்திடலுக்குப் போகலாம். தாமஸ் மன்றோ. 1792-இலிருந்து 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இந்தப் பாராமகால் பகுதியில் வரி நிர்ணயம் செய்துகொண்டு குதிரையில் சுற்றியவர், அதனால் எங்களுக்கும் உறவுதான். பிரான்சிஸ் சாண்ட்ரி செய்த சிலை, 1839-இல் நிறுவப்பட்டது. குதிரை நாலு காலையும் தரையில் வைத்து அமைதியாக நிற்கிறது. சிக்கல் எதுவும் வரவில்லை, அதனால் தீர்வும் தேவைப்படவில்லை. நல்ல வேலைதான், குதிரையின் உடற்கூறு பிசகே இல்லை. ஆனால் சென்னை அதைப் பற்றிப் பேசுவதெல்லாம் ஒரே விஷயம்: சேணமும் அங்கவடியும் இல்லை, சிற்பி மறந்துட்டார். மறக்கவில்லை. லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நாலாம் ஜார்ஜ் சிலைக்கும் சேணமும் அங்கவடியும் கிடையாது, அது அவர் தேர்வு. ஆனால் பாருங்கள், சிலைக்குள் கதை இல்லாதபோது மக்கள் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள்.

அடியில் இருப்பவன் யார்?

இதுவரை அழகைப் பற்றிப் பேசினேன். இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தூண்களைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

தமிழ்நாட்டில் போர்க்குதிரை உள்ளூர்ச் சரக்கு இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசர்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தார், நரி பரியானது என்ற கதைக்குப் பின்னால் இருக்கும் பொருளாதாரம் இதுதான். கருவூலத்தைக் காலி செய்கிற அளவுக்குக் குதிரை விலை. (குதிரைக்கு வைத்த பணத்திலிருந்து நமக்கு ஆவுடையார்கோயில் கிடைத்தது என்று அந்தக் கதை சொல்வதும் இந்தத் தலைப்புக்குப் பொருத்தம்தான்.)

அப்படிப்பட்ட விலையுயர்ந்த வெளிநாட்டு விலங்கின் மேல் ஒரு தலைவன். அடியில் உள்ளூர்க் காலாள். மொத்தப் பாரமும் கடைசியில் அவன் கேடயத்திலும் தோளிலும் வந்து இறங்குகிறது. சிற்பி இதை வேண்டுமென்றே சமூக விமர்சனமாகச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் கல் பொய் சொல்லாது. பாரம் எங்கே இறங்குமோ அங்கேதான் ஆளை வைக்க முடியும். அரசனைப் புகழக் கட்டிய தூணில், அரசன் யார் மேல் நிற்கிறான் என்பதையும் கல்லின் கணக்கு சேர்த்துச் சொல்லவைத்துவிட்டது. சிற்பி கேட்காமலே, கட்டியவன் விரும்பாமலே வந்த உண்மை. இந்தச் சுற்றுவழியில் கிடைத்த மிகப் பெரிய லாபம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாத் தூணிலும் இது வெற்றி என்றும் சொல்ல முடியாது. இந்த வகை மண்டபங்களில் சில இடங்களில் காலாள் வெறும் பழக்கத்தில் வந்தவன். முகத்தில் உணர்ச்சி கிடையாது, குளம்பு அவன் மேல் படுவது அவனுக்கே தெரியாது. ஒருத்தர் யோசித்ததை இன்னொருத்தர் நகல் எடுத்திருக்கிறார். முட்டு மறுபடி முட்டாகவே ஆகிவிட்டது. நல்ல தூணில் அந்தச் சின்ன முகத்தைப் பாருங்கள், முழங்கால் வளைந்திருக்கும், தோள் ஏறியிருக்கும். பாரத்தைக் கல் மட்டும் உணரவில்லை, அவனும் உணர்கிறான். நல்ல தூணையும் சாதாரணத் தூணையும் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை.

இப்போது சிக்கல் தீர்ந்துவிட்டது

கம்பியும் சிமெண்டும் வந்த பிறகு குதிரைக்குச் சிக்கலே கிடையாது. கம்பி இழுவையை வாங்கிக்கொள்ளும். இன்று புதிதாகக் கட்டும் கோயில்களில் குதிரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாயலாம், அடியில் யாரும் தேவையில்லை. பழைய சுதைக் குதிரைகளில் வயிற்றுக்கும் காலுக்கும் அடியில் தாங்கி நின்ற பூதகணங்களுக்கும் இனி வேலை இல்லை. சில இடங்களில் பழக்கத்துக்காக நிற்கிறார்கள், பல இடங்களில் அதுவும் இல்லை.

நான் கம்பிக்கு எதிரி இல்லை. ஆனால் இரண்டு விஷயம். கம்பிக்கு மேல் சிமெண்ட் பூச்சு மெலிசாக இருந்தால் ஈரம் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், துரு பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பூச்சைப் பிளக்கும். முதலில் விழுவது எது? அந்த முன்னங்கால்தான். சிக்கல் தீரவில்லை, உள்ளே ஒளிந்துகொண்டது. இரண்டாவது, எதுவும் தடுக்காத இடத்தில் குதிரை எப்படி வேண்டுமானாலும் நிற்கலாம் என்றால், ஏன் இப்படி நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது. அதனால்தான் புதுக்குதிரைகளில் பெரும்பாலானவை காலண்டர் படத்துக் குதிரைகளாக இருக்கின்றன. வேலை தெரியாததால் வந்த குறை இல்லை இது. முட்டி மோதிக்கொள்ளச் சுவர் இல்லாததால் வந்தது.

எங்கள் தொழிலிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். மெமரி குறைவாக இருந்த காலத்தில் எழுதின சில புரோகிராம்களில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கும். அதற்காக மறுபடி மெமரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் காரணங்களைப் படித்தால் இன்றைய வேலைக்கு ஏதாவது கிடைக்கும். 'அடடா, எப்படித்தான் எழுதினாங்களோ' என்று கும்பிட்டுவிட்டு மூடிவைத்தால் ஒன்றும் கிடைக்காது.

'இனி யாராலும் முடியாது' என்ற புகழ்ச்சியோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான். அது சிற்பியைத் தெய்வமாக்கி, அவர் பட்ட பாட்டை மறைக்கிறது. கல் உடையும் என்று அவருக்குத் தெரியும், குதிரை வேண்டும் என்று கேட்டவரிடம் முடியாது என்று சொல்ல வழியில்லை, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனை மனிதர்கள் செய்யக்கூடியது. நாளைக்கு ஒரு ஸ்தபதியோ, பாலம் கட்டும் பொறியாளரோ, படம் வரையும் பெண்ணோ அதைக் கற்றுக்கொள்ளலாம். உருண்டையைப் பார்த்து வியக்கலாம், கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. காலாளிடம் நிறைய இருக்கிறது.

தாரமங்கலம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருண்டையை உருட்டுங்கள், வாலியைப் பாருங்கள், அதையெல்லாம் விட வேண்டாம். அப்புறம் முன்மண்டபத்துக்கு வந்து ஒரு குதிரைத் தூணுக்கு அருகில் குனிந்து உட்காருங்கள். குதிரையின் குளம்பு எங்கே போய் எதைத் தொடுகிறது என்று தேடுங்கள். தொடும் இடத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அவர் முகத்தில் பாரம் தெரிகிறதா என்று பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஆளை எடுத்துட்டா என்ன ஆகும்?" அவங்க சொல்ற பதில் பெரும்பாலும் நம்ம பதிலைவிட நல்லா இருக்கும்.